கோமாளி மீனின் வீடு

மலையடிவாரப் பொட்டிப்புரத்தில் வாழும் நமக்குக் கடல் வெகு தொலைவு. ஆயினும் நம் மாவட்டத்தில் பிறக்கும் வைகை இராமநாதபுரம் சீமையைக் கடந்து கடலைத்தான் நாடுகிறது. அச்சீமையின் தென்கடலே மன்னார் வளைகுடா. அங்கே இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரை பவளப்பாறைகள் சூழ்ந்த தீவுகள் உள்ளன. அப்பாறைகளிடையே வாழும் கோமாளி மீனைப் பற்றி அறிவோமா?

ஒரு சாண்கூட வளராத மீன் இது. கருத்த உடலில் வெள்ளைப் பட்டைகளும் மஞ்சள் வாலும் கொண்ட வகை இங்கு உண்டு. இதன் வீடு கடற்சாமந்தி. பெயர்தான் பூ, உண்மையில் அது ஓர் உயிரினம். அதன் விரல் போன்ற இழைகள் பிற மீன்களைக் கொட்டிக் கொல்லும். கோமாளி மீனையோ அதன் உடலைப் போர்த்திய வழுவழுப்பான கோழை காக்கிறது. வீடு தந்த சாமந்தியைக் கடிக்க வரும் மீன்களை இச்சிறு மீன் துரத்துகிறது. அதன் கழிவும் சாமந்திக்கு உணவாகிறது.

இக்குடும்பத்தில் பெரியது பெண்மீன், தலைமையும் அதற்கே. சாமந்தியின் அருகே பாறையில் இட்ட முட்டைகளை, ஏறக்குறைய ஒரு வாரம், ஆண்மீன் துடுப்பால் விசிறிக் காக்கிறது. பெண்மீன் இறந்தால் அந்த ஆண்மீனே பெண்ணாக மாறிவிடும்! இறைவன் படைப்பில்தான் எத்தனை விந்தை!

முன்னாளில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகளை உடைத்தனர். 1986இல் 21 தீவுகள் கொண்ட இப்பகுதி கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாயிற்று. 2001 முதல் பவளம் எடுப்பது சட்டப்படி குற்றம். ஆனால் வெப்பத்தைச் சட்டம் தடுக்குமா? 2010, 2016ஆம் ஆண்டுகளில் கடல்நீர் சூடேறிப் பவளங்கள் வெளுத்தன. வெப்பம் மிகுந்தால் சாமந்தியும் வெளுக்கும். வீடு அழிந்தால் மீன் எங்கே போகும்?

மரம் வளர்ப்போம், எரிபொருளைச் சிக்கனமாகச் செலவிடுவோம். மலையோரத்தில் நாம் செய்யும் நன்மை கடலடி வீட்டையும் காக்கும்.