வாஷிங் மெஷினைப் போட்டால் கம்ப்யூட்டர் அணைகிறதா?

வாஷிங் மெஷினைப் போட்டதும் வீடு முழுக்கக் கரண்ட் போய், டைப் செய்த கடிதமும் காணாமல் போகிறதா? மெயின் போர்டைப் பாருங்கள். டெஸ்ட் பட்டன் உள்ள அகலமான சுவிட்ச் கீழே விழுந்திருக்கும். அதுதான் ஆர்.சி.சி.பி.

பேஸ் வயரில் போகும் கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்ப வேண்டும். வழியில் கசிந்தால் இது இணைப்பைத் துண்டித்துவிடும். வீடுகளில் பொதுவாக 30 மில்லி ஆம்பியர் வகையே இருக்கும்.

யு.பி.எஸ். இருந்தால் முதலில் பைலை சேவ் செய்து, கம்ப்யூட்டரை ஷட் டவுன் செய்யுங்கள். பிறகு:

1. மெயினை அணைத்து, ஈரமில்லாத கையால் எல்லா பிளக்குகளையும் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் அணைத்தால் போதாது. நியூட்ரல் வயர் எர்த்தைத் தொட்டிருந்தாலும் ட்ரிப் ஆகும்.

2. மெயினைப் போட்டு, ஆர்.சி.சி.பி.யை மேலே தள்ளுங்கள். உடனே விழுந்தால் கோளாறு வயரிங்கில், எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

3. நின்றால், ஒவ்வொன்றாகச் செருகி ஓடவிடுங்கள். எதைப் போட்டதும் விழுகிறதோ, அதைச் சர்வீசுக்குக் கொடுங்கள்.

தனித்தனியே ஓடி, சேர்ந்து ஓடும்போது மட்டும் விழுகிறதா? கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். பில்டர் சிறிதளவு கரண்டை எர்த்துக்கு அனுப்பும், அது கோளாறல்ல. மெஷினின் கசிவும் சேர்ந்து எல்லையைத் தாண்டியிருக்கலாம். மெஷினைச் சோதிக்கச் சொல்லுங்கள்.

எர்த் பின்னை உடைப்பதோ, ஆர்.சி.சி.பி. இல்லாமல் நேரடி இணைப்பு கொடுப்பதோ கூடவே கூடாது. கடிதத்தைத் திரும்ப டைப் செய்யலாம். ஈரக் கையோடு மெஷினைத் தொடுபவரின் உயிர் திரும்ப வராது.