தான் எரியாத திரவம்

பெட்ரோலின் அருகே தீக்குச்சியைக் கிழித்தால் அது குபீரெனப் பற்றிக்கொள்ளும் என்பதைச் சிறுவரும் அறிவர். ஆகவே அதனைக் கண்டால் மக்கள் இயல்பாகவே எச்சரிக்கை கொள்கின்றனர். நைட்ரிக் அமிலத்தின் இயல்பு வேறு. அது தோலைப் புண்ணாக்கும். உலோகங்கள் பலவற்றைக் கரைக்கும். ஆனால் தான் தீப்பற்றி எரிவதில்லை. எரியாத பொருளால் தீ விபத்து நேருமோ என்று வினவினால், நேரும் என்பதே விடை.

1973-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து ஸ்காத்லாந்து நோக்கிச் சரக்கு விமானம் ஒன்று புறப்பட்டது. விமானிகள் மூவரன்றி அதில் பயணிகள் எவரும் இலர். ஏற்றப்பட்டிருந்த சரக்கில் பெருந்தொகையான இரசாயனப் பொருள்கள் இருந்தன. நைட்ரிக் அமிலம் நிறைந்த கண்ணாடிப் புட்டிகளும் அவற்றுள் அடங்கும். புட்டிகள் உடையாதிருக்கும்பொருட்டு, அவற்றை மரப்பெட்டிகளில் வைத்துச் சுற்றிலும் மரத்தூளை அடைத்திருந்தனர். கண்ணாடியைக் காப்பதற்கு மரத்தூள் நல்ல பொருளே. அமிலத்திற்கோ அதனினும் பொல்லாத துணை வேறில்லை. விமானம் கிளம்பிச் சுமார் அரைமணி நேரத்தில் புகை தோன்றியது. விமானிகள் பாஸ்டன் நகருக்கு விமானத்தைத் திருப்பினர். புகை மேன்மேலும் பெருகி அவர்கள் கண்ணை மறைத்தது. ஓடுபாதையை எட்டுவதற்குச் சிறிது தொலைவே இருக்கையில் விமானம் தரையில் மோதி நொறுங்கியது. மூவரும் மாண்டனர். கசிந்த அமிலம் மரத்தூளோடு கூடியதால் புகை எழுந்திருக்க வேண்டும் என்று விசாரணைக் குழுவினர் கருதினர். எனினும் சிதைந்து எரிந்த பொருள்களிலிருந்து அதனை ஐயத்திற்கு இடமின்றி மெய்ப்பிக்க அவர்களால் இயலவில்லை.

இதன் காரணம் யாது? ஒரு பொருள் எரிய வேண்டுமாயின் ஆக்சிஜன் வேண்டும். பொதுவாக அது காற்றிலிருந்து கிடைக்கிறது. நைட்ரிக் அமிலத்தின் மூலக்கூறிலோ ஆக்சிஜன் நிறைந்துள்ளது. அதனை அமிலம் பிற பொருள்களுக்கு எளிதில் ஈந்துவிடுகிறது. இத்தகையவற்றை ஆக்சிஜனேற்றிகள் என்பர். வாணவேடிக்கைக்குப் பயன்படும் வெடியுப்பும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. மரத்தூளில் செல்லுலோஸ் என்னும் பொருள் மிகுதி. அமிலம் அதில் ஊறியதும் வினை தொடங்கி வெப்பம் பிறக்கிறது. மரத்தூள் வெப்பத்தை எளிதில் வெளியேற விடாது. வெப்பம் மிக மிக வினை விரைகிறது. வினை விரைய விரைய வெப்பம் மிகுகிறது. காற்றுப் புகாத பெட்டியாயினும் தீக்குத் தடையில்லை. வேண்டிய ஆக்சிஜனை அமிலமே அளிக்கிறது.

ஆகவே ஒரு திரவத்தைத் தனியே வைத்துச் சோதிப்பதால் பயனில்லை. எரியும் பொருளோடு சேர்த்தே சோதித்தல் வேண்டும். இதற்கான முறையொன்றை ஐக்கிய நாடுகள் அவையின் சோதனைக் கையேடு வகுத்துள்ளது. துணைப்பொருளாக அது தேர்ந்திருப்பதும் செல்லுலோஸே. தூய செல்லுலோஸ் நாரை மெல்லிய படலமாகப் பரப்பி, 105 பாகை செண்டிகிரேடு வெப்பத்தில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்துவர். நாரில் ஈரம் இருப்பின் வெப்பத்தின் ஒரு பகுதி அதனை ஆவியாக்குவதிலேயே செலவாகும். அபாயமுள்ள திரவமும் சாதுவாகத் தோன்றிவிடும். பின்னர் 2.5 கிராம் நாரையும் 2.5 கிராம் திரவத்தையும் கண்ணாடிக் குவளையில் இட்டுக் கோலால் கலப்பர். கலப்பவருக்கும் குவளைக்கும் இடையே காப்புத் திரை ஒன்று நிற்கும். அது வீண் சடங்கன்று. சில திரவங்கள் கலந்த மாத்திரத்திலேயே தாமாகத் தீப்பற்றும். அவ்வாறு பற்றினால் மேற்கொண்டு சோதனை வேண்டுவதில்லை. அத்திரவம் மிகக் கொடியது என்று எழுதிக்கொள்ளலாம்.

தீப்பற்றாத கலவையைச் சிறிய எஃகுக் கலமொன்றில் இடுவர். அதனுள் சுருளாக வளைத்த கம்பி ஒன்றும், அழுத்தத்தை அளக்கும் கருவியும் உண்டு. கலத்தின் ஒரு முனையை மெல்லிய உலோகத் தகட்டால் மூடுவர். அழுத்தம் எல்லை கடந்தால் கலம் வெடிக்காமல் தகடு மட்டும் கிழிந்து வழிவிடும். எல்லாரும் விலகிய பின், 10 ஆம்பியர் மின்சாரம் கம்பியில் பாய்கிறது. கம்பி பழுக்கிறது, கலவை எரிகிறது, வாயுக்கள் கலத்தை நிரப்புகின்றன. அழுத்தம் 690 கிலோபாஸ்கலிலிருந்து 2070 கிலோபாஸ்கலாக உயர எவ்வளவு நேரம் ஆகிறது என்பதே கணக்கு. ஒரு முறை கண்டது தற்செயலாக இருக்கலாம். ஆதலின் ஐந்து முறை செய்து சராசரி காண்பர். செல்லுலோஸோடு தொடர்பின்றித் திரவமே சிதைந்து அழுத்தத்தை எழுப்பியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால், நாருக்குப் பதிலாக டயட்டமைட் என்னும் எரியாத மண்ணைக் கலந்து மீண்டும் சோதிப்பர்.

கிடைத்த நேரத்தை மூன்று அளவுகோல்களோடு ஒப்பிடுவர். அவை 50 சதவீதப் பெர்குளோரிக் அமிலம், 40 சதவீதச் சோடியம் குளோரேட்டுக் கரைசல், 65 சதவீத நைட்ரிக் அமிலம் என்பன. கையேட்டில் எடுத்துக்காட்டாகக் கூறப்படும் நேரங்கள் முறையே 121, 2555, 4767 மில்லி வினாடிகள் ஆகும். ஆயிரம் மில்லி வினாடிகள் கூடியது ஒரு வினாடி. முதலாவதனினும் விரைந்தது முதல் தொகுதி. ஏனையவை அடுத்தடுத்த தொகுதிகள். நைட்ரிக் அமிலத்தினும் மெதுவானது இவ்வகுப்பில் சேராது. பெர்குளோரிக் அமிலத்தின் செறிவை 50-லிருந்து 55 சதவீதமாக்கினால் நேரம் 121-லிருந்து 59 மில்லி வினாடியாகக் குறைந்துவிடுகிறது. செறிவில் ஐந்தே சதவீதம் கூட, வேகம் இருமடங்காகிறது! புட்டியின்மேல் அமிலத்தின் பெயரோடு செறிவையும் குறிப்பது இதனாலேயே.

இத்தொகுதியைக் கொண்டே எத்தகைய புட்டி, எத்தகைய பெட்டி, எவ்வளவு திரவம் என்பன முடிவு செய்யப்படுகின்றன. மூன்று அளவுகோல்களுள் நைட்ரிக் அமிலமே மிக மெதுவானது. அதற்கே மரத்தூள் ஆகாது என்றால் ஏனையவற்றைக் கூற வேண்டுவதில்லை. இன்று அமிலப் புட்டிகளைச் சுற்றி வெர்மிகுலைட் போன்ற, தீப்பற்றாத கனிமப் பொருளையே அடைக்கின்றனர். புட்டி கசிந்தாலும் அது அமிலத்தை உறிஞ்சிக்கொண்டு எரியாமல் கிடக்கும்.