45 பைசா இன்சூரன்ஸ்: டிக் பண்ணா மட்டும் போதுமா?

ஐ.ஆர்.சி.டி.சி.ல டிக்கெட் போடும்போது ஒரு கேள்வி வரும்: பயணக் காப்பீடு வேணுமா, வேண்டாமா? தட்கல் அவசரத்துல எதையோ அழுத்திட்டு பேமென்ட்டுக்கு ஓடிடுவோம். பிரீமியம் ஒரு ஆளுக்கு 45 பைசாதான். கேன்டீன் டீ ஒண்ணோட காசுல பாதி கிளாஸுக்கே போட்டுடலாம்.

ரயில் விபத்துல இறந்தாலோ, நிரந்தரமா முழு ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய் கிடைக்கும். நிரந்தரப் பகுதி ஊனத்துக்கு 7.5 லட்சம் வரை, காயத்துக்கான ஆஸ்பத்திரி செலவுக்கு 2 லட்சம் வரை. ரயில்வேயே தர்ற இழப்பீடு வேற. அதுக்குத் தனியா ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்துல மனு போடணும்.

விபத்துன்னா எது? இங்கதான் கவனம் வேணும். 1989 ரயில்வே சட்டம் சொல்ற அர்த்தம்தான் இந்தக் காப்பீட்டுக்கும். ரயில் மோதறது, தடம் புரள்றது மட்டும் இல்ல, ஓடுற ரயில்ல இருந்து தவறி விழறது, கொள்ளையர் தாக்குதல், குண்டுவெடிப்பு எல்லாம் இதுல அடங்கும். குடிச்சிட்டு விழுந்தா கிடையாது. பயணத்துல மாரடைப்பு வந்தாலும் கிடையாது, அது இயற்கையான நோய். லேப்டாப் திருடு போனாலோ, ரயில் லேட்டாகி இன்டர்வியூ போச்சுன்னாலோ ஒரு பைசா வராது. பேரு பயணக் காப்பீடு, உள்ள இருக்கறது விபத்துக் காப்பீடு. கவுன்டர்ல எடுத்த டிக்கெட்டுக்கு இது இல்லவே இல்ல.

இருந்தாலும் 'வேணும்'னே போடுங்க. ஆனா வேலை அதோட முடியல. புக்கிங் ஆனதும் இன்சூரன்ஸ் கம்பெனியில இருந்து எஸ்.எம்.எஸ்.ஸும் மெயிலும் வரும். விளம்பரம்னு நினைச்சு அழிச்சிடாதீங்க. நாமினி விவரம் நிரப்பற லிங்க் அதுலதான் இருக்கு. நிரப்பலைன்னா பணம் சட்டப்படியான வாரிசுக்குப் போகும். அதை நிரூபிக்க வாரிசுச் சான்றிதழுக்கு அலையணும். பிள்ளையை இழந்த வீட்டுல யாரு அலைவா?

ஐ.வி., டூர்னு கிளம்பும்போது இது இன்னும் சிக்கல். ஒருத்தர்தான் எல்லாருக்கும் டிக்கெட் போடுவார். காப்பீடு அந்த பி.என்.ஆர்.ல இருக்கற எல்லாருக்கும் சேரும், ஆனா லிங்க் போறது அந்த ஒருத்தரோட போனுக்கும் மெயிலுக்கும் மட்டும். உங்க பேருக்கு நேரா நாமினி காலியா கிடக்கறது உங்களுக்குத் தெரியவே தெரியாது. அடுத்த டூருக்கு டிக்கெட் போடறவர் நீங்கன்னா, கிளாஸ் குரூப்ல டிக்கெட் காசு கேட்கும்போதே நாமினி பேரு, உறவுமுறை, வயசு மூணையும் கேட்டு வாங்கிடுங்க. மத்தவங்க, டிக்கெட் போட்டவரைப் பிடிச்சு இன்னிக்கே கேளுங்க.