உருவம் ஒன்று, எழுத்து வேறு

கிராம அபிவிருத்திப் பணிகளில் பெயர்ப் பட்டியலே பலவற்றுக்கும் ஆதாரம். முதியோர் உதவித்தொகை, பயிர் நிவாரணம், வீட்டு வரி ஆகிய யாவும் அதனைக் கொண்டே நடைபெறுகின்றன. புதுச்சேரியில் 1965ஆம் ஆண்டுச் சட்டத்தால் தமிழ் ஆட்சிமொழியாயிற்று. வில்லியனூராயினும் பாகூராயினும், பட்டியலைத் தமிழில் கணினியில் பதிவு செய்வோர் கண்ணுக்குப் புலப்படாத பிழையொன்றை அறிந்திருத்தல் அவசியம்.

பிழையின் தன்மை

‘கௌரி’ என்னும் பெயரை எடுத்துக்கொள்வோம். சிலர் இதனைக் ‘கெளரி’ என்று பதிவு செய்கின்றனர். பார்வைக்கு இரண்டும் ஒன்றே. ஆனால் கணினி உருவத்தைப் பார்ப்பதில்லை; எழுத்துக்குரிய எண்ணையே பார்க்கிறது. யூனிகோடு முறையில் ‘ௌ’ குறியின் எண் 3020. ‘ள’ எழுத்தின் எண் 2995. எனவே உதவித்தொகை கேட்டு வரும் மூதாட்டியின் பெயரை எழுத்தர் சரியாகத் தேடினாலும், ‘இல்லை’ என்றே விடை வரும். மறுபடியும் பதிவு செய்தால் ஒருவரே இருவராவார்.

எல்லா வேற்றுமையும் தீங்கானதன்று. ‘கொ’ என்பதன் குறியை ஒரே எண்ணாகவும், இரு துண்டுகளாகவும் எழுதலாம். இரண்டும் சமம் என்று யூனிகோடு விதியே கூறுவதால், ‘இயல்பாக்கம்’ என்னும் முறையால் ஒன்றாக்கிவிடலாம். பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளில் காணும் மேற்குறி எழுத்துக்களுக்கும் இம்முறை பொருந்தும். ஆனால் ‘ள’ தனி எழுத்தாதலால், ‘கெளரி’ இம்முறையால் திருந்தாது. 2005இல் யூனிகோடில் சேர்ந்த ‘ஶ’ கொண்டு எழுதும் ‘ஶ்ரீ’யும், ‘ஸ’ கொண்டு எழுதும் ‘ஸ்ரீ’யும் அத்தகையனவே.

கண்டறியும் வழி

1. கர்சர் எனப்படும் கோட்டைப் பெயரின் முன் நிறுத்தி, அம்புக்குறி விசையை அழுத்துக. ‘கௌ’ ஓர் அடியில் கடக்கும். ‘கெள’ இரண்டு அடி எடுக்கும்.

2. ஐயமுள்ள எழுத்தின் பின்னே நின்று பேக்ஸ்பேஸ் விசையை ஒரு முறை அழுத்துக. பெரும்பாலான செயலிகளில், ‘க’ எஞ்சினால் எழுத்து சரி. ‘கெ’ எஞ்சினால் பிழை. ‘ஸ்ரீ’யாயின் ஒவ்வொன்றாக அழித்து, இறுதியில் நிற்பது ‘ஸ’வா ‘ஶ’வா என்று காண்க.

திருத்தும் வழி

முதலில் கோப்பின் பிரதியொன்றைத் தனியே வைத்துக்கொள்க. பின்னர் ‘கெள’, ‘செள’, ‘பெள’, ‘மெள’, ‘ஒள’ ஆகியவற்றைத் தேடி, ஒவ்வோர் இடமாகப் பார்த்து மாற்றுக. அனைத்தையும் ஒரே கட்டளையால் மாற்றுதல் ஆகாது. வெள்ளம், வெள்ளரி, தெளிப்பான், கெளுத்தி, ஒளி ஆகிய சொற்களில் ‘ள’ முறையாகவே நிற்கிறது, அவை சிதைந்துவிடும். ‘ஸ்ரீ’க்கு ஒரு வடிவத்தைத் தீர்மானித்து, அதனையே எங்கும் கையாள்க.

பட்டியலில் பெயர் இல்லையென்று ஒருவரைத் திருப்பி அனுப்புமுன், இரு வடிவங்களிலும் தேடிப் பார்க்குமாறு பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கேட்க வேண்டும். ஓர் எழுத்தின் பிழையால் உரியவர் உதவியை இழத்தல் கூடாது.