ஏரியில் இடம் விட்டு வை

அன்புள்ள தம்பிக்கு,

ஹைப்ரிட் ரேஸ் காருக்கு சார்ஜ் கணக்கு எழுதும் வேலை உன் கைக்கு வந்திருப்பதில் மகிழ்ச்சி. ‘பேட்டரியை நூறு சதவீதம் ஏற்றிவிட்டுத்தானே அண்ணா டிராக்கில் இறக்கணும்?’ என்று கடிதத்தின் கடைசியில் கேட்டிருந்தாய். இதே கேள்விக்கு ஒருமுறை ஆமாம் என்று சொல்லிப் பட்டவன் நான். அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆவடியிலிருந்து பைக்கை எடுத்துக்கொண்டு பூந்தமல்லி வழியாகச் செம்பரம்பாக்கம் ஏரிக்கரைக்குப் போய் வா. ஏரியின் முழு ஆழம் 24 அடி. மழைக்காலத்தில் அதைத் தொடவிடாமல் 22 அடியை ஒட்டி வைத்துக்கொள்ளத்தான் அதிகாரிகள் பார்ப்பார்கள். அடுத்த மழைக்கு இடம் வேண்டும். 2015 டிசம்பர் 1 அன்று நிரம்பிய ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கனஅடி திறந்ததும், அடையாற்றங்கரை பட்ட பாடும் நம் பக்கத்தில் யாருக்கும் மறக்காது.

பேட்டரியும் ஏரிதான். ஒவ்வொரு பிரேக்கும் ஒரு மழை. 700 கிலோ வண்டி மணிக்கு 144 கிலோமீட்டரிலிருந்து 72-க்கு இறங்கினால் 420 கிலோஜூல் வெளியே வருகிறது. 2009-ல் ஃபார்முலா ஒன்னில் பிரேக் ஆற்றலைச் சேமித்துத் திருப்பித் தரும் கெர்ஸ் அமைப்பு வந்தபோது ஒரு சுற்றுக்குச் செலவழிக்க விட்டதே 400 கிலோஜூல்தான். 60 கிலோவாட் வீதம் ஏழு விநாடிகூட வராது. செல் முழுதாக ஏறி 4.2 வோல்ட்டைத் தொட்டு நிற்கும்போது இந்த மழையை எங்கே வாங்குவாய்? கலங்கல் வழியாகத்தான் போகும். வண்டியின் கலங்கல் பிரேக் டிஸ்க். வழிவது வெறும் சூடு.

நான் எழுதிய முதல் புரோகிராமில் அதுதான் நடந்தது. முழு சார்ஜில் வண்டியை அனுப்பினேன். முதல் வளைவில், செல்லைக் காப்பாற்ற, மோட்டார் வழியாகப் பிரேக் பிடித்துச் சார்ஜ் ஏற்றும் ரீஜென் சட்டென்று விலகிக்கொண்டது. பின்சக்கர பிரேக் பாதி காணாமல் போக, டிரைவர் நேராகப் புல்லுக்குள் போனார். இறங்கி வந்தவர் திட்டவில்லை. ‘அடுத்த வளைவுலயும் இதே பிரேக்தானா, வேறயா?’ என்று மட்டும் கேட்டார்.

அன்றிலிருந்து சில பழக்கங்கள். முதல் சுற்றின் பிரேக் வரவைக் கூட்டிப் பார்த்து, அவ்வளவு இடம் மேலே விடு. அடியிலும் கொஞ்சம் மிச்சம் வை. வோல்டேஜ் இறங்க இறங்க அதே திறனுக்குக் கரண்ட் கூடும். கரண்ட் இரட்டித்தால் சூடு நான்கு மடங்கு. சித்திரை வெயிலில் இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் அந்தச் சூட்டுக்குப் போக்கிடம் கிடையாது.

செலவை வளைவிலிருந்து வெளியேறும் இடத்தில் செய். நேர்ப்பாதையின் கடைசியில் கொட்டாதே. வேகம் இரட்டித்தால் காற்றைக் கிழிக்க மட்டும் எட்டு மடங்கு திறன் வேண்டும்.

கரண்ட் சென்சாரை மட்டும் நம்பாதே. அதன் சின்னப் பிழை சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகும். வண்டி ஓய்ந்து நிற்கும்போது வோல்டேஜை வைத்துத் திருத்து. சராசரியையும் நம்பாதே. ஏரிக்கரை எவ்வளவு தாங்கும் என்பதை அதன் தாழ்ந்த இடம்தான் சொல்லும். வரிசையாக நிற்கும் செல்களில் நலிந்த ஒன்றுதான் உன் எல்லை.

கெர்ஸ் இருந்தால் மட்டும் போதாது. பி.எம்.டபிள்யூ சாபர் அணி 2009 சீசனுக்கு நடுவிலேயே அதைக் கழற்றிவைத்தது. தந்த பலனைவிட அதன் எடை பெரிதாகத் தெரிந்தது. கணக்குத் தவறினால் உன் பேட்டரியும் வண்டி சுமக்கும் மூட்டைதான். 2026 விதிகளில் ஃபார்முலா ஒன் மோட்டார் 120 கிலோவாட்டிலிருந்து 350-க்கு ஏறுகிறது. இனி உன்னைப்போல் கணக்கு எழுதுகிறவன் கையில்தான் பாதி ரேஸ்.

வண்டி இறங்கும் நாளைச் சொல், வருகிறேன். எவ்வளவு வேகம் என்று டிரைவரிடம் கேட்க மாட்டேன். முதல் சுற்றில் இருந்த பிரேக் கடைசிச் சுற்றிலும் இருந்ததா என்றுதான் கேட்பேன்.

அன்புடன்,
உன் அண்ணன்