அத்தையின் குளியல் தண்ணீரும் வளையும் குழாயும்

எங்க தோட்டத்து வீட்டில் பொடக்காளி வாழைக்கென்று தனியாக மடை திருப்பியதே கிடையாதுங்க. வீட்டில் குளிக்கிற தண்ணீர்தான் அதற்குப் பாசனம். நம்பியூர் பக்கம் கிணத்தை நம்பிய பூமி. சித்திரையில் மோட்டார் அரை மணி நேரம் ஓடினாலே பெரிய காரியம். அந்த நாளிலும் கல் மேடையில் குளித்த தண்ணீர் வாய்க்காலில் ஓடி, ஐந்து வாழையும் ஒரு பப்பாளியும் பச்சையாக நிற்கும்.

அத்தைக்கு இடுப்பு வலி வந்த பிறகு வெளியே போய்க் குளிக்க முடியவில்லை. மகன் வீட்டுக்குள்ளேயே ஒரு மூலையில் மூன்றடிக்கு மூன்றடி ஃபைபர் தட்டு வைத்து, சுற்றிலும் தடுப்புப் போட்டு ஷவர் மாட்டிக் கொடுத்தான். தரையை உடைக்கக் கூடாது என்பதால் இரண்டு வரிசைச் செங்கல்லின் மேல் தட்டை உட்கார வைத்தார்கள். தட்டின் ஓட்டையிலிருந்து சுவர் வரைக்கும் வளையும் குழாய் ஒன்றை மாட்டி, முன்பக்கம் டைல்ஸ் ஒட்டி மூடிவிட்டார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. அத்தை மட்டும் "கண்ணாடிக் கூண்டு" என்பார். ஷவரைத் தொட மாட்டார். முக்காலியில் உட்கார்ந்து சொம்பில் மொண்டு ஊற்றி, கடைசியில் பக்கெட்டை அப்படியே தலையில் கவிழ்ப்பதுதான் அவருக்குக் குளியல்.

இரண்டு மாதத்தில் காலடியில் தண்ணீர் நிற்க ஆரம்பித்தது. நான் தலைமுடி அடைத்திருக்கும் என்று நினைத்துச் சல்லடையைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது, தேங்கின எண்ணெய்த் தண்ணீரில் அத்தை வழுக்கி விழுந்துவிட்டார். எலும்பு முறியவில்லை, மணிக்கட்டு வீங்கியதோடு போயிற்று. அன்று சாயங்காலம் பொடக்காளிக்குப் போனால் வாழை இலை விளிம்பெல்லாம் காய்ந்து கிடக்கிறது. இங்கே தண்ணீர் தேங்குகிறது, அங்கே தண்ணீர் போய்ச் சேரவில்லை. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்று அப்போதுதான் உறைத்தது.

டைல்ஸைப் பெயர்த்துப் பார்த்தேன். இரண்டடித் தூரத்துக்கு நான்கடிக் குழாயை மாட்டி, மிச்சத்தைப் பாம்பு மாதிரி வளைத்து விட்டிருந்தார்கள். போதாததற்கு, சுவரில் போட்ட துவாரம் குழாய் புறப்படும் இடத்தைவிட மேலே இருந்தது. தண்ணீர் மேட்டுக்கு ஏறுமா? குழாயைக் கழற்றிக் கவிழ்த்தேன். உள்ளே ஒவ்வொரு மடிப்பிலும் அரப்புத் தூள், பச்சைப்பயறு மாவு, முடி, எண்ணெய்ப் பிசுக்கு எல்லாம் சேர்ந்து களி கிண்டின மாதிரி இறுகிக் கிடந்தது.

இதை நம்ம ஆட்கள் அவசியம் கவனிக்க வேண்டும். ஷாம்பு கரைந்து ஓடிவிடும். அரப்பும் சீயக்காயும் மண்ணுக்குக் கெடுதல் செய்யாதவை, ஆனால் தண்ணீரில் கரையாத தூள். வழவழப்பான குழாயில் அது ஓடிப்போகும். மடிப்பு மடிப்பாக இருக்கும் வளையும் குழாயில் தங்கிவிடும், எண்ணெயும் சேர்ந்தால் ஒட்டியே விடும்.

இன்னொரு கோளாறு காற்று. ஓட்டைக்குக் கீழே 'டிராப்' என்று ஒரு வளைவு இருக்கும். அதில் எப்போதும் இரண்டு அங்குலம் தண்ணீர் நிற்க வேண்டும். கரப்பானும் நாற்றமும் ஏறி வராமல் தடுப்பது அந்தத் தண்ணீர்தான். அதற்குப் பிறகு குழாய் இன்னொரு இடத்தில் தொய்ந்தால் அங்கேயும் தண்ணீர் நிற்கும். இரண்டு தண்ணீருக்கும் நடுவில் காற்று மாட்டிக்கொள்ளும். மோட்டார் ஹோஸில் காற்றுப் பிடித்தால் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியாததா? அதே கதைதான் இங்கேயும். சொட்டுச் சொட்டாக ஊற்றினால் இறங்கும், அத்தை பக்கெட்டைக் கவிழ்த்தால் இறங்காது.

முழுக்க பிவிசி குழாயே போட்டுவிடலாமே என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். ஆனால் ஆள் ஏறி நின்றால் ஃபைபர் தட்டு ஒரு நூல் அளவாவது அசையும், பசை போட்ட மூட்டு நாளடைவில் விட்டுவிடும். தட்டின் ஓட்டையும் சுவர்த் துவாரமும் நேர்கோட்டிலும் இல்லை, நான்கு விரல் விலகி இருந்தன. அதனால் வளையும் குழாய் வேண்டும்தான். ஆனால் ஒரு சாண் போதும்.

முதலில் சுவர்த் துவாரத்தை உளியால் கீழே இறக்கினேன். குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று சரிவு வேண்டும், அதாவது நாற்பது அங்குலம் போனால் ஒரு அங்குலம் இறங்க வேண்டும். உள்ளே இரண்டடிதான், அதற்கு ஒரு அங்குலம் தாராளமாகவே கொடுத்தேன். வெளியே வாழை வரைக்கும் முப்பது அடி. அதற்கு ஒன்பது அங்குலம் இறக்கம். கண் மட்டத்தை நம்பாமல் கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவலை வாங்கிப் பார்த்தேன். கண்ணுக்குச் சரிவாகத் தெரிந்த இடம் உண்மையில் எதிர்ச் சரிவாக இருந்தது.

அளவும் தப்பாகத்தான் இருந்தது. முன்பு மாட்டியது வாஷ்பேசினுக்குப் போடும் ஒன்றேகால் அங்குலக் குழாய். கை கழுவுகிற தண்ணீருக்கு அது போதும். பக்கெட் தண்ணீர் ஒரே நேரத்தில் வந்தால் திணறும். இப்போது ஓட்டையில் ஒன்றரை அங்குல வேஸ்ட் கப்ளிங், அதற்குக் கீழே டிராப், பிறகு ஒரு சாண் வளையும் குழாயைத் தொய்வில்லாமல் இழுத்து மாட்டி, உடனே இரண்டு அங்குல பிவிசி. அங்கிருந்து வாழை வரைக்கும் அதே பிவிசிதான்.

மூட்டில்தான் பலர் ஏமாறுவது. நட்டு வைத்து முடுக்கும் மூட்டில் தண்ணீரை நிறுத்துவது ரப்பர் வாஷர். டெஃப்லான் டேப்பை எவ்வளவு சுற்றினாலும் வாஷர் கோணலாக உட்கார்ந்தால் ஒழுகும். வாஷரின் சரிந்த பக்கம் குழாய் நுழையும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். கையால் இறுக்கி, அதற்கு மேல் கால் சுற்று போதும். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் பிளாஸ்டிக் நட்டு விரிந்துவிடும். எனக்கே ஒன்று விரிந்தது. மறுமுனையை பிவிசிக்குள் சும்மா சொருகிவிடுவது வழக்கம். அந்த இடைவெளி எலிக்கும் கரப்பானுக்கும் வாசல். பசை போட்டு ஒட்டவும் முடியாது. வளையும் குழாய்களில் பல பாலிப்ரொப்பிலீனில் செய்தவை, பிவிசி பசை அதில் பிடிக்காது. ரப்பர் அடாப்டர் ஒன்றைப் போட்டு, மேலே ஹோஸ் கிளாம்ப் வைத்து முடுக்கினேன்.

மூடுவதற்கு முன்பு மூட்டுகளுக்குக் கீழே பழைய பேப்பரை விரித்தேன். ஓட்டையைத் துணியால் அடைத்து, தட்டில் ஒரு பக்கெட் தண்ணீரை நிறுத்தி, துணியைச் சட்டென்று பிடுங்கினேன். முதல் தடவை பேப்பரில் ஒரு ரூபாய் அகலத்துக்கு ஈரம். வாஷரைத் திருப்பிப் போட்டேன். மூன்று தடவை பார்த்தும் பேப்பர் காய்ந்தே இருந்த பிறகுதான் திருப்தி. முன்பக்கம் மறுபடி டைல்ஸ் ஒட்டவில்லை. கழற்றி மாட்டுகிற மாதிரி ஒரு பலகை வைத்தேன். வளையும் குழாயைச் சிமெண்டுக்குள் புதைக்கவே கூடாதுங்க. பக்கத்துச் சுவரில் ஒரு கைப்பிடியும் தட்டுக்கு ஏற ஒரு படிக்கல்லும் அப்போதே வைத்தாயிற்று. அதை முதல் நாளே வைத்திருக்க வேண்டும்.

வாழை பக்கம் வருவோம். தண்ணீரைத் தூரில் நேராக விடுவதில்லை. நடுவில் மூன்றடி அகலம், இரண்டடி ஆழத்தில் குழி எடுத்து, தேங்காய் மட்டை, சருகு, வாழைச் சோகை போட்டு நிரப்பி, குழியைச் சுற்றி வாழை. தண்ணீர் மேலே தெரியாமல் உள்ளே இறங்கிவிடுவதால் கொசு இல்லை. குழாயின் வாய் மூடாக்குக்கு ஒரு சாண் மேலே நிற்கிறது. அதில் விரல் நுழையாத கம்பி வலை கட்டியிருக்கிறேன். கொசுவலை கட்டினால் முடி சிக்கி அடைத்துவிடும். குழி கிணத்தை விட்டு நன்றாகத் தள்ளி இருக்கட்டும். இந்தத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்து வைக்கவும் வேண்டாம், ஒரே நாளில் நாறிவிடும். கீரை, முள்ளங்கி, கேரட்டுக்கு விடுவதில்லை. கழிப்பறைத் தண்ணீருக்கு வேறு வழி, அது இதில் சேரவே சேராது.

குழி பக்கத்தில் குழாயின் கடைசி முழங்கை வளைவை மட்டும் பசை போடாமல் சொருகி வைத்திருக்கிறேன். பாத்ரூமை ஆசிட், பிளீச்சிங் போட்டுக் கழுவும் நாளில் அதைத் திருப்பினால் தண்ணீர் வேறொரு உறிஞ்சு குழிக்குப் போய்விடும். துணி துவைக்கும் பவுடர் தண்ணீரும் அங்கேதான். அதிலுள்ள சோடா உப்பு சேரச் சேரக் களிமண் இறுகிவிடும், எங்க மண் ஏற்கெனவே களி.

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியல் முடிந்ததும் இரண்டு பக்கெட் வெதுவெதுப்பான தண்ணீரை ஒரே வீச்சில் ஊற்றிவிடுகிறேன். கொதிக்கக் கொதிக்க ஊற்றினால் பிவிசி இளகும். மூன்று மாதம் கழித்துப் பலகையைக் கழற்றிப் பார்த்தேன். டிராப்பில் ஒரு பிடி அரப்புச் சேறு இருந்தது, வளையும் குழாயில் விரல் நகம் அளவுதான். அந்தச் சேற்றையும் குழியிலேயே போட்டேன். அத்தை பின்னால் நின்று பார்த்துவிட்டு, "ஏனம்மிணி, வாழைக்கு எண்ணெய் தேச்சு விடறியா?" என்றார்.