வீட்டு உணவுக் கணக்கும் குழந்தைகளின் உடல்நலமும்

2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கேரளத்தின் அங்கன்வாடிக் குழந்தை ஒன்று உப்புமாவுக்குப் பதிலாகப் பிரியாணியும் பொரித்த கோழியும் வேண்டும் என்று மழலை மொழியில் கேட்ட காணொளி நாடெங்கும் பரவியது. அக்கோரிக்கையை மாநில அரசு சிரித்துவிட்டுக் கடந்துவிடவில்லை. அவ்வாண்டு ஜூன் மாதத்தில் அங்கன்வாடிகளுக்கான புதிய உணவுப் பட்டியல் வெளியிடப்பட்டது. முட்டை பிரியாணியும் புலாவும் அதில் இடம்பெற்றன. சர்க்கரை, உப்பு ஆகியவற்றின் அளவு குறைக்கப்பட்டது. வாரம் இரு நாட்கள் வழங்கப்பட்ட பாலும் முட்டையும் மூன்று நாட்களாக உயர்த்தப்பட்டன. குழந்தையின் விருப்பம் மதிக்கப்பட்டது; ஆயினும் தட்டில் எதை வைப்பது என்பதைப் பெரியவர்களே தீர்மானித்தனர். இல்லங்களிலும் பின்பற்றத்தக்க நெறி இதுவே.

இதனை நான் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தேன். நாற்பதுகளில் இருக்கும் எனக்கு, மருத்துவப் பரிசோதனையில் இரத்தச் சர்க்கரை எல்லையை நெருங்கியிருப்பதாகத் தெரியவந்தது. உணவுப் பழக்கத்தைப் பற்றி மருத்துவர் வினவியபோது, அருகில் அமர்ந்திருந்த என் ஒன்பது வயது மகன் முந்திக்கொண்டான். “அப்பா மட்டாஞ்சேரியிலிருந்து வரும்போது பழம்பொரி வாங்கி வருவார். நாங்கள் இருவரும் டி.வி. பார்த்துக்கொண்டே சாப்பிடுவோம்” என்று பெருமையுடன் கூறினான். தேவராவில் உள்ள எங்கள் வீட்டில் அவனுக்கு நான் வழங்கிய அறிவுரைகள் பல. அவன் கற்றுக்கொண்டதோ என் மாலை நேரப் பழக்கத்தை.

சர்க்கரைக்கு ஒரு கணக்கு

வரவு செலவை எழுதிப் பார்க்கும் குடும்பங்கள்கூட உண்ணும் சர்க்கரையைக் கணக்கிடுவதில்லை. உணவில் தனியாகச் சேர்க்கப்படும் சர்க்கரை, தேன், பழச்சாறு ஆகியவற்றில் உள்ள சர்க்கரையிலிருந்து கிடைக்கும் ஆற்றல், நாளொன்றின் மொத்த ஆற்றலில் 10 விழுக்காட்டுக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துகிறது. 5 விழுக்காட்டுக்கும் குறைவாக இருப்பின் மேலும் நன்று என்கிறது.

ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு 1,600 கலோரி தேவை எனக் கொள்வோம். அதில் 10 விழுக்காடு 160 கலோரி. ஒரு கிராம் சர்க்கரை 4 கலோரி தருவதால், உச்ச வரம்பு 40 கிராம். 5 விழுக்காடு எனில் 20 கிராம். 100 மில்லிலிட்டருக்கு 10 கிராம் சர்க்கரை என்று அச்சிடப்பட்ட குளிர்பானத்தை 250 மில்லிலிட்டர் அருந்தினால், 25 கிராம் உடலில் சேர்கிறது. காலைப் பால், மாலைத் தேநீர், பிஸ்கட் ஆகியவற்றில் உள்ளவை இக்கணக்கில் இன்னும் சேரவில்லை.

உணவுப் பொட்டலங்களில் மூலப்பொருள்கள் எடையின் இறங்குவரிசையில் அச்சிடப்படுகின்றன. சத்து பானம் எனக் கருதி வாங்கும் மாவின் பட்டியலில் சர்க்கரை முதல் மூன்று இடங்களுக்குள் வந்தால், அதை வாங்குமுன் சிந்திக்க வேண்டும். மாணவர்கள் இவ்விவரங்களை அறியும் பொருட்டுப் பள்ளிகளில் சர்க்கரை அறிவிப்புப் பலகைகள் வைக்குமாறு மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் 2025 மே மாதத்தில் அறிவுறுத்தியது.

யார் எதைத் தீர்மானிப்பது?

எதை, எப்போது, எங்கே உண்பது என்பதைப் பெற்றோர் தீர்மானிக்க வேண்டும். எவ்வளவு உண்பது என்பதைக் குழந்தையிடம் விட்டுவிட வேண்டும் என்பது அமெரிக்க உணவியல் வல்லுநர் எல்லின் சாட்டர் வகுத்த நெறி. வற்புறுத்தி ஊட்டினால், போதும் என்று வயிறு உணர்த்துவதைக் கவனிக்கும் ஆற்றல் குழந்தைக்குக் குறைகிறது. முதல் முறை ஒதுக்கிய காயைப் பல முறை சிறிதளவு வைத்தால் நாளடைவில் ஏற்றுக்கொள்ளக்கூடும். காய்கறியை உண்டால் இனிப்பு தருவதாகக் கூறுவது, காய்கறி தண்டனை, இனிப்பு பரிசு என்ற எண்ணத்தையே வளர்க்கும்.

நல்லுணவுக்குப் பெருஞ்செலவு தேவையில்லை. கேரளப் பள்ளிகளில் முன்பு வழங்கப்பட்ட கஞ்சியும் பயறும் இதற்குச் சான்று. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்னும் அமினோ அமிலம் பயறில் நிறைந்துள்ளது. இரண்டும் சேரும்போது புரதத்தின் தரம் உயர்கிறது. புட்டும் கடலையும், இட்லியும் சாம்பாரும் இதே வகையின. மீன் உண்போருக்கு மத்தியும் நெத்திலியும் புரதத்துடன் ஒமேகா-3 கொழுப்பையும் அளிக்கின்றன.

உடல் இயக்கம்

5 முதல் 17 வயது வரையுள்ளோர் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடங்கள் நன்கு உடலை இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. பெரியவர்களுக்கு வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உழைப்பு தேவை. இந்த 60 நிமிடங்களையும் ஒரே வேளையில் செலவிட வேண்டியதில்லை. மூன்று இருபது நிமிடங்களாகவும் பிரித்துக்கொள்ளலாம். கொச்சியின் மழை மாதங்களில் வெளியே செல்ல இயலாதபோது, கயிறு தாண்டுதல், மாடிப்படி ஏறுதல், வீடு பெருக்குதல் ஆகியவை கைகொடுக்கும்.

ஒரு வாரப் பயிற்சி

வாசகர்கள் ஒரு குறிப்பேட்டில் ஏழு நாட்களுக்கு நான்கு பத்திகள் வரைந்து, குடும்பத்தினர் அனைவருக்குமாகப் பின்வருவனவற்றை எழுதி வரலாம்:

1. வெளியில் வாங்கிய தின்பண்டங்களும் பானங்களும். அவற்றில் அச்சிடப்பட்ட சர்க்கரை அளவு.
2. உண்ட காய்கறிகளும் பழங்களும்.
3. உடலை இயக்கிய நிமிடங்கள்.
4. திரையின்றிக் குடும்பமாக உண்ட வேளைகள்.

குறிப்பேட்டை எழுதும் பொறுப்பைக் குழந்தையிடமே ஒப்படையுங்கள். எங்கள் வீட்டில் முதல் வாரக் கணக்கை எழுதிய மகன், “அப்பா, உங்கள் நடை நிமிடங்கள் என்னுடையதில் பாதிகூட இல்லை” என்றான். மறுநாள் மாலை முதல் இருவரும் சேர்ந்து நடக்கிறோம். பழம்பொரி முற்றிலும் நிற்கவில்லை; ஞாயிற்றுக்கிழமைக்கு மாறியிருக்கிறது. அதுவும் தொலைக்காட்சியை அணைத்த பிறகு, ஆளுக்கு ஒன்று மட்டும்.